சாயம் பிடிக்க இருபது நிமிடம்

சிரிப்பு உண்டு. வயிறு வலிக்கச் சிரிக்கலாம், அதற்கு உத்தரவாதம். ஆனால் சாயம் பிடிக்க இருபது நிமிடம் ஆகும். அதற்குமுன் மூடியைத் திறந்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள், அங்கயற்கண்ணியும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். கடிகாரத்தில் இருபது என்று வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்தாள். மத்தியானம் மூன்று பத்து. நாலு மணிக்குக் கமிட்டி. கமிட்டி என்றால் மூன்று பேர், நடுவில் ஒரு தட்டு மிக்சர், ஒரே ஒரு கேள்வி: ஆறாவது வருஷமும் முடிகிறதே, இந்தப் பெண்ணுக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுப்பதா, போதும் தாயே என்று அனுப்பிவிடுவதா. அவளுக்கு எதிரே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள். ஏ தட்டு, பி தட்டு. ஒவ்வொன்றிலும் ஆறு குழி, ஒவ்வொரு குழியிலும் ஆரஞ்சு மிட்டாயைக் கரைத்த மாதிரி சாயம், சாயத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெம் செல்கள். யாரோ ஒரு கல்லூரிப் பையனின் பிடுங்கிய கடைவாய்ப் பல்லுக்குள் சும்மா இருந்தவற்றை எடுத்துவந்து, எலும்பாகு எலும்பாகு என்று இரண்டு வருஷமாக அவள் கெஞ்சிக்கொண்டிருக்கிறாள். எலும்பாகியிருந்தால் அவை சுண்ணாம்பைச் சேர்த்து வைத்திருக்கும். சாயம் சுண்ணாம்பைக் கவ்விக்கொண்டு ரத்தச் சிவப்பாக நிற்கும். ஆகாவிட்டால் தண்ணீர் விட்டதும் கழுவிக்கொண்டு போய்விடும். இதுவரை பதினேழு தடவை கழுவிக்கொண்டு போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மா போன் செய்வாள். “ஏத்தா அங்கை, சாப்பிட்டியா, எலும்பு வந்துருச்சா?” மார்க்கெட்டில் கத்திரிக்காய் வந்துவிட்டதா என்று கேட்கிற அதே குரல். இல்லம்மா. “அடுத்த வாரம் வருமா?” தெரியலம்மா. “நம்ம தெருவுல எல்லாரும் கேக்குறாக, ஒம் பொண்ணு எலும்பு டாக்டரான்னு. முட்டிவலிக்கு என்ன தேய்க்கன்னு கேட்டுச் சொல்லச் சொன்னாக.” முட்டிவலிக்கு எதைத் தேய்ப்பது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் தன் முட்டியில் தேய்த்திருப்பாள். ஆறு வருஷம் முக்காலியில் உட்கார்ந்ததில் வலது முட்டி கதவுக்கீல் மாதிரி சத்தம் போடுகிறது.

வெள்ளைக் கோட்டின் பையில் நாலாய் மடித்த கடிதம் ஒன்று இருக்கிறது. சொந்தக் காரணங்களால் ஆய்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். சொந்தக் காரணம் என்றால் என்ன காரணம் என்று எவனும் கேட்கமாட்டான், அதுதான் அந்த வார்த்தையின் அழகு. கமிட்டி துரத்துவதற்குமுன் நாமே கிளம்பிவிடுவது; மிக்சர் தட்டுக்குப் பக்கத்தில் கடிதத்தை வைத்துவிட்டுக் கும்பிடு போட்டு வந்துவிடுவது. இதை முடிவுசெய்து இருபத்தொரு நாள் ஆகிறது. செல்கள் எலும்பாகவும் இருபத்தொரு நாள்தான் வேண்டும், என்ன பொருத்தமோ. முடிவுக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியம். இருபத்தொரு நாளாய் அந்த வாக்கியம் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாய் நிற்கிறது, சோற்று உருண்டை விழுங்கியும் இறங்கவில்லை. அன்றைக்கு இதே முக்காலி. பி தட்டுக்குச் செல்களைப் பரப்பி முடித்து, அடுத்த வேலையாக, எலும்பாகு என்று செல்லுக்குச் சொல்லும் சேதிப் புரதத்தை ஊற்றக் கை நீட்டியபோது இன்டர்காம் அடித்தது. எடுத்தாள். இரண்டு தடவை தொண்டைச் செருமல், பிறகு அந்த இழுவை. “ஆக... என்னம்மா, அங்கயற்கண்ணி. இன்னைக்கு ஒண்ணும் ஊத்தாத. அப்படியே வச்சுட்டு வீட்டுக்குப் போயித் தூங்கு. நாளைக்குப் பாத்துக்கிடலாம்.” கோயில்பிள்ளை சார். அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியர். ஆறு வருஷத்தில் யாரையும் தூங்கச் சொல்லாத மனிதர். காய்ச்சல் என்று சொன்னால் எத்தனை டிகிரி, கிராஃப் போட்டியா என்று கேட்பவர். அவர் வாயிலிருந்து தூங்கு என்று வந்துவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். உன்மேல் நம்பிக்கை போய்விட்டது. திட்டுவதற்குக்கூட நீ லாயக்கில்லை. சாகப்போகிற நோயாளியிடம்தான் டாக்டர் என்ன வேண்டுமானாலும் சாப்பிடச் சொல்வார்.

இப்போது ஓர் உண்மை. அந்த வாக்கியத்தைச் சொன்னது கோயில்பிள்ளை சார் இல்லை. உங்களுக்குச் சொல்லியாகிவிட்டது, அவளிடம் மட்டும் மூச்சு விடக்கூடாது. சொன்னது சிக்கந்தர் அண்ணன். கண்ணாடிச் சாமான் கழுவுவதும், தண்ணீர்க் கேன் சுமப்பதும், ஸ்டோர் சாவி வைத்திருப்பதும் அவர் வேலை, ஐம்பத்திரண்டு வயது, ஒரு காலத்தில் திருவிழா மேடைகளில் பாட்டுக்குப் பாட்டு நடுவே பலகுரல் செய்தவர். டைரக்டர், டைரக்டரின் டிரைவர், லிஃப்டுக்குள் மாடி எண் சொல்கிற பொம்பளை, நள்ளிரவில் கத்துகிற ஃப்ரீசர், எல்லாரும் அவர் தொண்டைக்குள் வாடகையில்லாமல் குடியிருக்கிறார்கள். இந்த லேபில் அதற்கென்று ஒரு சட்டமும் உண்டு. ஏமாந்தவர் தானாகக் கண்டுபிடித்துச் சிரித்ததும் எல்லாருக்கும் பருப்பு வடை வாங்கித் தரவேண்டும். ஏமாற்றியவர் அதற்குமுன் வாயைத் திறந்து உளறிவிட்டால் வடை அவர் தலையில். எல்லாரும் சாயங்காலத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள். அன்றைக்கு அங்கயற்கண்ணி தூக்கக் கலக்கத்தில் மூடியில் பி என்பதைத் திருப்பிப்போட்டு எழுதுவதைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டுத்தான் சிக்கந்தர் அண்ணன் ஸ்டோருக்குப் போய் ரிசீவரை எடுத்தார். பாவம், ஒரு நாள் தூங்கட்டும், சாயங்காலம் வடையும் ஆச்சு. சாயங்காலம் வந்தது. வடை வரவில்லை. இருபத்தொரு சாயங்காலம் ஆகிவிட்டது.

அவளோ அந்த வாக்கியத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறாள். “ஊத்தாத” என்பதில் அலுப்பு இருந்ததா. “நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்பதில் நாளை இருந்ததா. கடிகாரத்தில் பதினாறு நிமிடம் மிச்சம். ஏசி காற்று கழுத்தில் ஒரே இடத்தில் அடிக்கிறது, நகர்ந்து உட்காரலாம், நகர அலுப்பாக இருக்கிறது. ஸ்பிரிட் வாசம். கையுறைக்குள் விரல்கள் வெந்த வேர்க்கடலை மாதிரி ஊறிப்போயிருக்கின்றன. தூக்கம் வருகிறதா என்றால் வரவில்லை, தூக்கத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு நிலை. கண்ணை மூடினால் செல்கள் தெரிகின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து இமைக்குள்ளேயே அச்சாகிவிட்டன. நீள நீளமாய், ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, ரயில்வே பிளாட்பாரத்தில் வண்டிக்குப் படுத்திருக்கும் கூட்டம் மாதிரி. எங்கே போகிற கூட்டம் என்று அதற்கே தெரியாது. எலும்பாகலாம், கொழுப்பாகலாம், குருத்தெலும்பாகலாம், எதுவும் ஆகாமல் இப்படியே கிடக்கலாம். அவளுக்கு முப்பத்தொன்று. தம்பிக்குக் கல்யாணமாகி, அவன் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் நான் பெரியவனானதும் போலீஸ் என்று ஒப்பிக்கிறது. அத்தை நீ பெரியவளானதும் என்ன ஆவே? கேட்டது போன பொங்கலுக்கு. எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், பிறகு கொல்லைப்பக்கம் போய்க் கை கழுவினாள், கழுவிக்கொண்டே இருந்தாள்.

செல்லுக்குக் கண் கிடையாது. காது கிடையாது. யோசிக்க ஒரு மூளை கிடையாது. அதன் தோல்மேல் ஆயிரமாயிரம் குட்டிக் கைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான். பாடப்புத்தகம் ஏற்பி என்கிறது, லேபில் எல்லாருக்கும் ரிசெப்டர். சேதிப் புரதம் மிதந்து வந்து அந்தக் கையைப் பிடிக்கும். பிடித்த பிடி தோலைத் தாண்டி உள்ளே போய், ஒருவர் காதில் ஒருவர் சொல்லிச் சொல்லி, கடைசியில் நடு அறைக்குள் இருக்கிற மரபணுவின் காதில் விழும். எலும்பாகச் சொல்கிறார்கள். சரி, ஆகிவிடுவோம். யார் சொன்னது, எதற்குச் சொன்னது என்று ஒரு கேள்வி கிடையாது. கை பொருந்தினால் போதும், அச்சு அசலாக அதே வளைவில் ஒரு போலியைச் செய்து அனுப்பினாலும் ரிசெப்டர் அதையும் பிடித்துக் குலுக்கி நம்பிவிடும். எவ்வளவு ஏமாளி பாருங்கள் என்று போன மாதம் முதல் வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவளே சிரித்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை. (உங்களுக்கு வந்தால் அடக்குங்கள், பதினோரு நிமிடம் இருக்கிறது.) அவளுடைய ஆராய்ச்சி முழுவதும் இந்தக் கைப்பிடியில்தான் தொங்குகிறது. நாள்கணக்கில் சேதியை ஊற்றி வைக்கவேண்டியதில்லை, நாலே மணி நேரம் ஊற்றிவிட்டுக் கழுவிவிட்டால் போதும், அந்த ஒரு பிடியிலேயே செல் தன் தலையெழுத்தை முடிவுசெய்துவிடும் என்பது அவள் கட்சி. அவளுக்குமுன் இதே முக்காலியில் இருந்த வினோதினி அக்காவுக்கு அது இரண்டு தடவை நடந்தது. வினோதினி அக்கா ஜெர்மனிக்குப் போய்விட்டாள். செய்முறைத் தாளைப் பாலித்தீன் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறாள், முத்து முத்தான கையெழுத்து. செல்லைத் தட்டிலிருந்து கிளப்பு. கழுவு. எண்ணு. புதுத்தட்டில் பரப்பு. உடனே சேதியை ஊற்று. நாலு மணி நேரம். கழுவு. பதினேழு தடவையும் அங்கயற்கண்ணி அந்த வரிசை பிசகாமல்தான் செய்தாள். பதினேழு தடவையும் அவை காது கேட்காத மாதிரிக் கிடந்தன. சேதி கெட்டுப்போனதா என்று புதுச் சேதி வாங்கினாள். பல் கெட்டதா என்று புதுப் பல் வாங்கினாள். மிச்சமிருந்தது அவள் ஒருத்திதான். கெட்டது நானாகத்தான் இருக்கவேண்டும்; என் கை ராசி; நான் தொட்டால் எதுவும் எதுவாகவும் ஆகாது. இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும் நின்று, திரும்பி, மறுபடி சாரின் வாக்கியத்துக்குப் போய்விடும், செக்கு மாடு மாதிரி. வீட்டுக்குப் போயித் தூங்கு.

கதவில் தட்டும் சத்தம். செருப்புக்குமேல் உறை மாட்டாமல் உள்ளே வரக்கூடாது என்பதால் சிக்கந்தர் அண்ணன் தலையை மட்டும் நுழைத்தார். “என்ன தங்கச்சி, தூக்கமெல்லாம் எப்படி?”

“ஏண்ணே தெனமும் இதையே கேக்குறீங்க?”

“சும்மாத்தான். அன்னைக்கு சீக்கிரமாப் போனியே, நல்லாத் தூங்குனியான்னு.”

“எந்த அன்னைக்கு?”

“அதான்... அன்னைக்கு.” அவர் முகத்தில் ஆசை தளும்பியது. “பருப்பு வடை நெனப்பாவே இருக்குத்தா.”

“பசிச்சா போய்ச் சாப்பிடுங்கண்ணே. இன்னைக்கு எனக்குக் கமிட்டி.”

“தெரியும்த்தா. நல்லா வரும், போ.” தலை வெளியே போயிற்று. போகிற வழியில் லிஃப்ட் பொம்பளைக் குரலில் கதவுகள் மூடுகின்றன என்றார். அவள் நிமிரவில்லை. சிக்கந்தர் அண்ணனுக்கென்ன, கேன் தூக்கினோமா, குரல் கொடுத்தோமா, வீட்டுக்குப் போனோமா. மாமதுரையில் கடிதம் எழுதாத மனிதர்கள் எவ்வளவு பேர் நிம்மதியாக வடை தின்றுகொண்டிருக்கிறார்கள். கடிதத்தைக் கொடுத்ததும் என்ன செய்வாள்? ஹாஸ்டலைக் காலி செய்யவேண்டும். அம்மாவிடம் சொல்லவேண்டும். எலும்பு வரலம்மா. “பரவால்லத்தா, வேற ஏதாச்சும் வரும்.” அந்தப் பரவாயில்லைதான் பயம். ஏசினால் தாங்கிக்கொள்ளலாம், ஏசுகிறவர்கள் இன்னும் எதையோ எதிர்பார்க்கிறார்கள். பரவாயில்லை என்பதும் தூங்கு என்பதும் ஒரே சாதி. கால் மரத்துப்போயிற்று. உதறினாள். எறும்பு ஊறியது. பயமாக இருந்தது, பெரிய பயம் இல்லை, பழகின பயம், சட்டைக்குள் போட்டுக்கொள்கிற பனியன் மாதிரி.

கடிகாரம் கீச்சிட்டது.

சாயத்தை உறிஞ்சி எடுத்தாள். ஏ தட்டு முதலில். ஏ தட்டு அன்றைக்கு இன்டர்காம் அடிப்பதற்குமுன் வழக்கமான முறையில் போட்டது. ஒரு தடவை தண்ணீர், இளநீர் நிறம். இரண்டாம் தடவை, அதுவும் போயிற்று. ஆறு குழியும் கண்ணாடி மாதிரி. பதினெட்டு, என்று எண்ணிக்கொண்டாள், வருத்தம்கூட அலுப்பாகத்தான் வந்தது. பி தட்டு. அது சார் கெடுத்த தட்டு. பரப்பின செல்லை ஒரு ராத்திரி சும்மா போட்டுவைத்து, மறுநாள் காலையில்தான் சேதியை ஊற்றினாள். தண்ணீர் விட்டாள். ஆரஞ்சு கலங்கியது. உறிஞ்சினாள். மறுபடி விட்டாள். சிவப்பு. சரியாகக் கழுவவில்லை போல. மூன்றாம் தடவை. சிவப்பு. நாலு, ஐந்து, ஆறு. மருதாணியைக் கழுவிப் பார்த்த கை மாதிரி, கழுவக் கழுவ ஏறுகிறது. ஆறு குழியிலும் குங்குமத்தைக் கிள்ளிப்போட்ட மாதிரிக் கட்டி கட்டியாக. மூடியை மாற்றிப் போட்டுவிட்டேனா? திருப்பி எழுதின பி, அதுவேதான். மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். பிளாட்பாரத்தில் படுத்திருந்த கூட்டம் எழுந்து வீடு கட்டியிருந்தது. எழுதிக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை, பையிலிருந்த கடிதத்தை எடுத்து அதன் முதுகில் எழுதினாள்: ஏ, ஆறுக்குச் சைபர். பி, ஆறுக்கு ஆறு.

ஏன்? அதே செல், அதே சேதி, அதே ராசிகெட்ட கை. வித்தியாசம் ஒரு ராத்திரி. ராத்திரியில் என்ன இருக்கிறது? சும்மா கிடந்தன. சும்மா கிடந்து என்ன செய்தன? சுவரில் இருந்த பாலித்தீன் உறையைப் பார்த்தாள். செல்லைத் தட்டிலிருந்து கிளப்பு. எதை ஊற்றிக் கிளப்பு என்று அக்கா எழுதவில்லை. அக்கா காலத்தில் ஒரு மென்மையான திரவம் இருந்தது, என்சைம் இல்லாதது, சும்மா பிடியைத் தளர்த்திவிடும். அது தீர்ந்து, மறுபடி வாங்கப் போட்ட கோரிக்கை எந்த மேஜையிலோ படுத்துவிட்டது. ஸ்டோரில் டிரிப்சின் இருந்தது. ஊரெல்லாம் ஊற்றுகிற டிரிப்சின்தானே என்று அவளும் ஊற்றினாள். டிரிப்சின். புரதத்தை வெட்டுகிற கத்தி. செல் தட்டைப் பிடித்திருக்கிற பிடியை வெட்டும், கூடவே... அவள் காதுக்குள் அவளுடைய குரலே கேட்டது, முதல் வருஷப் பிள்ளைகளிடம் வாத்தியாரம்மா தோரணையில் பேசுகிற குரல்: டிரிப்சின் போட்ட உடனே செல்லை எதுவும் கேட்காதீங்க, மேலே இருக்கற ரிசெப்டரையும் சேர்த்து வெட்டியிருக்கும், திரும்ப முளைக்க ஒரு ராத்திரி கொடுங்க. சொன்னாளே. கரும்பலகையில் படமே போட்டாளே. கையை வெட்டிவிட்டுக் கையைக் குலுக்கப் போயிருக்கிறாள், பதினெட்டு தடவை. அவை கேட்காமல் இல்லை. கேட்பதற்கு அவள் எதையும் விட்டுவைக்கவில்லை. பாவங்களே, என்று தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அப்படியானால் சார்! சாருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரே பார்வையில் கண்டுபிடித்து, இன்னதுதான் பிழை என்று சொல்லி மானத்தை வாங்காமல், இன்னைக்கு ஒண்ணும் ஊத்தாத, தூங்கு என்று... தூங்கச் சொன்னது அவளை இல்லை, செல்லை! என்ன மனிதர். இருபத்தொரு நாளாய் அவரை என்னவெல்லாம் நினைத்துவிட்டேன். கண் நிறைந்துவிட்டது. மூன்று ஐம்பது. ஓடிப்போய் இன்டர்காமை எடுத்து சார் அறை எண்ணை அழுத்தினாள்.

இரண்டு செருமல். “ஆக... என்னம்மா? கழுவிக்கிட்டுப் போயிடுச்சா?”

“இல்ல சார், நின்னுடுச்சு சார்! பி தட்டு, ஆறுக்கு ஆறு! டிரிப்சின்தான் சார் எல்லாத்துக்கும் காரணம், ரிசெப்டரை வெட்டியிருக்கு. ஒரு ராத்திரி விட்டதும் முளைச்சிருச்சு. நீங்க அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டீங்க, நான்தான் சார் புரிஞ்சுக்கல.”

அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம். “ஆறுக்கு ஆறா? ஏ தட்டு?”

“சைபர் சார்.”

“எந்திரிச்சு வாம்மா, ரெண்டையும் தூக்கிட்டு வா! மிக்சர் திங்க வாரவனுவள்லாம் பாக்கட்டும். ஆக... ஒரு ராத்திரி விட்டியா? ஏன் விட்ட?”

“நீங்கதான சார் சொன்னீங்க. பதினொண்ணாந்தேதி. இன்டர்காம்ல. ஒண்ணும் ஊத்தாத, வீட்டுக்குப் போயித் தூங்குன்னு.”

“நானா? தூங்கச் சொன்னேனா?”

“ஆமா சார்.”

“பதினொண்ணாந்தேதி நான் ரெண்டு பல்லைப் பிடுங்கிட்டு வாய் நெறையப் பஞ்சோட வீட்ல கெடந்தேன். எம் பொண்டாட்டிகிட்டயே சிலேட்டுல எழுதித்தாம்மா பேசினேன். அது யாரும்மா, எம் பேரைச் சொல்லி உன்னைத் தூங்கச் சொன்னது? பேரைச் சொல்லு, நல்ல யோசனையா இருக்கு, கட்டுரையில நன்றி போடணும்லா.”

காதில் கோயில்பிள்ளை சாரின் குரல் ஆக, ஆக என்று இழுத்துக்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சிக்கந்தர் அண்ணன் தோளில் தண்ணீர்க் கேனோடு, வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றிருந்தார். அவள் ரிசீவரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி ரிசீவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் எதைக் கண்டாரோ, சிக்கந்தர் அண்ணன் கேனை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, இரண்டு காதையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டார். அங்கயற்கண்ணிக்கு எங்கோ அடிவயிற்றிலிருந்து, முட்டி வலியையும் ஆறு வருஷத்தையும் தள்ளிக்கொண்டு, அந்தச் சிரிப்பு கிளம்பி வந்தது.